பதினொன்றாவது வெடி

செல்வத்துக்கு அம்மா எழுதுவது. முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வருகிறேன். உன் மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்திருக்கிறாள். முதலாவதாக வந்த பெண்ணின் அம்மா அதே பள்ளியில் டீச்சராம், அதனால் நான் நம் பிள்ளையையே முதலாவது என்று வைத்துக்கொண்டேன். உன் இளையவன் கபடியில் மாவட்டத்துக்கு ஆடிவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தான். உன் தங்கச்சி மகள் மகா, என்னோடு இருந்து தேனிக்குப் போய் நர்சிங் படிக்கிறவள், இப்போது என் கையில் ஊசி போட்டால் வலிப்பதே இல்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்க்க எனக்கு ஆசை. அடுத்த வீட்டுக் கணக்கையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். உன் பெரியம்மாவின் பேரனுக்குச் சென்னையில் கார் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் தெருவுக்கே கேசரி கொடுத்தாள். நானும் வாங்கித் தின்றேன். சர்க்கரை கூடிப்போயிருந்தது.

எல்லாருக்கும் மேலே நீ. சுரங்கத்துக்குள்ளும் குவாரிக்குள்ளும் இறங்குகிறவர்கள் இறங்கினபடியே ஏறி வர என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் என் மகன். இதைச் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் பூக்காரி வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் வயிற்றில் வாத்தியார் பிறந்தால் சும்மா இருக்க முடியுமா? தலையில் தொப்பி, காலில் இரும்பு வைத்த பூட்ஸ், வாய்க்கு மாஸ்க் என்று நீ ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுகிற போட்டோவை மகா பெரிதாக்கிக் கொடுத்து, அது சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்போது சண்டை. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் உன் பெரியம்மாவும் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். மகா போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "ஆத்தா, மாமா கிளாஸ் எடுக்குறத யாரோ வீடியோவாப் போட்டிருக்காக, இங்கன பாருங்க" என்றாள். பார்த்தேன். பெரிய கூடம். வரிசையாக நாற்காலி. நீ முன்னால் நிற்கிறாய். உன் பின்னால் சுவர் முழுக்கத் திரை. திரையில் யார்? உன் பெரியம்மா. உன் தங்கச்சி கல்யாணத்தில் எடுத்த படம். தலை கொள்ளாத மல்லிகைப்பூ, வாய் கொள்ளாத சிரிப்பு, சினிமாக்காரி மாதிரி அவ்வளவு உயரத்தில் நிற்கிறாள். "இவுக எங்க பெரியம்மா. பள்ளிக்கூடம் போகாதவுக. நான் படிச்ச முதல் பாதுகாப்புப் பாடம் இவுககிட்டதான்" என்று நீ சொல்கிறாய். கூடமே கை தட்டுகிறது. அந்தக் கல்யாணப் படத்தில் அவளுக்கு இடது பக்கம் நின்றது நான். என் தோள்பட்டை மட்டும் தெரிகிறது. மிச்சத்தை வெட்டிவிட்டாய்.

"அடியே, நானா இது? இம்புட்டுப் பெருசாவா இருக்கேன்?" என்று அவள் மொச்சைத் தோலோடு கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "உடம்பு பெருசு, அதான் படமும் பெருசு" என்றேன். அவள் சிரித்தாள். என்ன சொன்னாலும் சிரித்துவிடுவாள். நாற்பது வருஷமாக என்னால் அவளோடு ஒரு சண்டையை முழுசாகப் போட முடிந்ததில்லை.

அதற்கடுத்த படத்தில்தான் என் கை நின்றுபோனது. உன் அப்பாவின் இடது கை. விரல் மூன்று இல்லாத அந்தக் கை மட்டும். அவருக்கு முகமே வைக்கவில்லை நீ. "இது எங்க அப்பா கை. எங்க பெரியம்மா ஒரு வெடி குறையுதுன்னு சொன்னாக. அப்பா கேக்கல. அவசரம். அவசரப்பட்ட மனுசனோட கை இப்படித்தான் இருக்கும்" என்றாய். கூடத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். மகா போனை அணைத்தாள். உன் பெரியம்மா சிரிக்கவில்லை. உரித்த மொச்சையை முறத்தில் ஒதுக்கிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "ஏண்டி, அத அவனுக்கு இன்னுமா நீ சொல்லல?" என்று கேட்டாள். அவ்வளவுதான். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். முறத்தைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை.

வருகிற வியாழக்கிழமை மயிலாடும்பாறை ரோட்டுக் குவாரியில் உனக்கு வகுப்பு என்று மகா சொன்னாள். இதுவரைக்கும் சேலத்துப் பக்கம், வடக்கே என்று சொன்னாய், கேட்டவர்களுக்கு உன் அப்பாவைத் தெரியாது. மயிலாடும்பாறையில் அப்படி இல்லை. அவரோடு கடப்பாறை பிடித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் இப்போது அங்கே மிஷின் ஓட்டுகிறார்கள். அவர்கள் முன்னால் அந்தக் கையைப் போட்டு, அவசரக்காரன் என்று நீ சொல்லக் கூடாது. அவர் அவசரக்காரர் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நாலு வார்த்தை பேசுவதற்குள் "சரிம்மா, வச்சிரட்டுமா" என்பாய். இதை அப்படி வைக்க முடியாது. கடைசியில் இதை வகுப்பில் வாசிக்கச் சொல்லியும் கேட்கப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் தெரியாதவர்களுக்குச் சொல்வது போலவே சொல்லிப் போகிறேன். பொறுமையாகப் படி.

அப்போது நாங்கள் எல்லாரும் கோம்பைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு கல்கிடங்கில் வேலை பார்த்தோம். இன்றைக்கு நீங்கள் குவாரி என்கிறீர்கள், எங்களுக்குக் கிடங்குதான். உன் அப்பா, உன் பெரியப்பா, பெரியம்மா, நான். ஆண்கள் பாறையில் குழி போடுவார்கள், பெண்கள் சுத்தியலால் ஜல்லி உடைப்போம். தொப்பியும் கிடையாது, பூட்ஸும் கிடையாது. தூசிக்கு முந்தானையை வாயில் கட்டிக்கொள்வோம். மத்தியானம் வெடி போடுவார்கள். குழி ஒவ்வொன்றிலும் மருந்தை அடைத்து, ஒன்றுக்கொன்று நீளம் கூட்டித் திரி வைத்து, வெடிக்காரர் வரிசையாகப் பற்ற வைத்துவிட்டு ஓடி வருவார். நாங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒரு பெரிய பாறை மறைவில் போய் நிற்போம். திரி நீளம் வேறு வேறு என்பதால் ஒன்று முடிந்து ஒன்றாக வெடிக்கும். எத்தனை குழியோ அத்தனை சத்தம் வரவேண்டும். ஒன்று குறைந்தால் எங்கேயோ ஒரு குழியில் மருந்து வெடிக்காமல் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொட்டால் செத்தோம்.

அதை எண்ணுகிற வேலை உன் பெரியம்மாவுடையது. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவளாக எடுத்துக்கொண்டது. வெடிக்காரர் "இன்னைக்கு ஒம்போது" என்று சத்தம் கொடுத்ததும் அவள் ஒன்பது பொடிக்கல்லைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொள்வாள். ஒரு வெடிக்கு ஒரு கல்லைக் கீழே போடுவாள். அவ்வளவுதான். அவளுக்கு எழுத்துத் தெரியாது, எண் கூட இருபதுக்கு மேல் தடுமாறும். ஆனால் மடியைத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். வெடித்து முடிந்து புகை அடங்கியதும் முதல் ஆளாக உள்ளே போகிறவர் உன் அப்பா. தொங்குகிற கல்லைக் கடப்பாறையால் தட்டிவிடுவது அவர் வேலை. போவதற்கு முன்னால் தினமும் ஒரே கேள்விதான் கேட்பார். "மதினி, மடி காலியா?" அவள் முந்தானையை உதறிக் காட்டுவாள். "காலி கொழுந்தனாரே, போங்க." அது காலியாகாமல் அவர் ஒரு எட்டு எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் ஒரு கல் மிஞ்சிவிட்டது. மேஸ்திரி நின்று கத்துகிறார், லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், உன் அப்பா பாறை மேல் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டார். "மதினி மடியில கல்லு இருக்குதுய்யா. நீ வேணும்னா போ" என்றார். ஒரு மணி நேரம் யாரும் அசையவில்லை. இவரையா நீ அவசரக்காரர் என்றாய்?

எனக்கு எரிந்தது. உண்மையை எழுதுகிறேன், இதில் வெட்கப்பட்டு இனி என்ன ஆகப்போகிறது. நான் அஞ்சாம் வகுப்பு. பெருக்கல் வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் ஒப்பிப்பேன். கிடங்கில் கையெழுத்துப் போடுகிற ஒரே பொம்பளை நான்தான். என் புருஷன் தன் உயிரை வைத்துக் கேட்கிற கேள்வியைக் கைநாட்டுக்காரியிடம் கேட்கிறார். அது போதாதென்று நீ. உனக்கு நாலு வயது. பெற்றவள் நான், சுமந்தவள் நான், ஆனால் வெடிச் சத்தம் கேட்டதும் நீ ஓடுவது அவளிடம். அவள் மடியில் உட்கார்ந்து அந்தக் கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாய். நான் சிலேட்டு வாங்கி வந்து ஒன்று, இரண்டு என்று எழுதிக் காட்டினால் குச்சியைக் கடித்துத் தின்பாய். ஒரு நாள் தானாகப் பத்து வரைக்கும் சொன்னாய். எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. "யாருலே சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன். "பெரியம்மா கல்லு" என்றாய். அந்தச் சிலேட்டை அன்றைக்கே பரணில் எறிந்துவிட்டேன்.

ஒரு சாயங்காலம் சோறு போடும்போது உன் அப்பாவிடம் ஆரம்பித்தேன். "உங்க மதினி எண்ணினா போறீக. நான் எண்ணினா போக மாட்டீகளா? அஞ்சாப்புப் படிச்சவ குத்துக்கல்லாட்டம் பக்கத்துல நிக்கிறேன், ஊரே சிரிக்கிது." அவர் சிரித்தார். "சரி தாயி, நாளைக்கு நீயே எண்ணு. அதுக்கு எதுக்குக் கொழம்ப இந்தக் கொதி கொதிக்க விடுற?" காலையில் கிடங்குக்கு நடந்து போகும்போதே பேச்சியக்காவிடம், உன் பெரியம்மாவிடம்தான், சொல்லிவிட்டேன், இன்றைக்குக் கணக்கு என்னுது என்று. அவள் முகம் சுண்டும் என்று பார்த்தேன். "எண்ணேன்டி. என் முந்தானைக்கும் ஒருநா லீவு" என்றாள். அது எனக்கு இன்னும் எரிந்தது. தான் வைத்திருந்தது பெரிய இடம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்குப் பதினொரு குழி. பேச்சியக்கா குனிந்து பதினொரு கல் பொறுக்கி என் முன்னால் நீட்டினாள். "எனக்கு எதுக்குக்கா கல்லு? மனசுல எண்ணிக்குவேன்" என்றேன். பக்கத்தில் நின்ற பெண்கள் கேட்கவேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். அவள் கல்லைக் கீழே போட்டுவிட்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு மகாராணி மாதிரி நின்றேன். முதல் வெடி வெடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. ஏழு வரைக்கும் எனக்குச் சந்தேகமே இல்லை, இன்றைக்குக் கேட்டாலும் ஏழு வரைக்கும் என் கணக்கு சரி. ஏழாவது கொஞ்சம் பெரிய சத்தம். நீ பயந்துபோய் என்னைத் தாண்டி ஓடினாய். என் சேலை உன் முகத்தில் உரசியது. என்னைத் தாண்டிப் போய் அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். அவள் இரண்டு கையாலும் உன் காதைப் பொத்தினாள். நான் திரும்பி உன்னையே பார்த்தேன். இவனைப் பெற்றது யார் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் வெடித்தது. ஒட்டினாற்போல இரண்டா, ஒன்றும் அதன் எதிரொலியுமா, எனக்குத் தெரியவில்லை. அப்புறம் இன்னும் இரண்டு வெடித்தது. அப்புறம் அடங்கிவிட்டது.

பத்தா, பதினொன்றா? செல்வம், எனக்குத் தெரியவில்லை. இதுதான் முப்பத்துச் சொச்சம் வருஷமாக நான் சொல்லாதது.

புகை அடங்கியது. உன் அப்பா கடப்பாறையைத் தோளில் வைத்துக்கொண்டு பாறை முனையில் நின்று திரும்பிப் பார்த்தார். மடியைக் கேட்கவில்லை, அன்று மடி இல்லையே. "என்ன டீச்சரம்மா, கணக்கு சரியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சியக்கா சொன்னாள். "கொழந்தை காதப் பொத்திக்கிட்டு இருந்தேன், சரியாக் கேக்கல. எனக்கு என்னமோ ஒண்ணு கொறையிற மாதிரி இருக்குடி. கொஞ்சம் பொறுக்கச் சொல்லு." அவள் மட்டும் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால், "எனக்கும் சந்தேகமா இருக்கு, பொறுங்க" என்று நானே சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அவள் சொன்னதால் என்னால் சொல்ல முடியவில்லை. அவள் பத்து என்றாள் என்பதற்காகவே எனக்குப் பதினொன்று ஆகிவிட்டது. "எல்லாம் சரியா இருக்கு. பதினொண்ணு. நான் எண்ணிட்டேன், நீங்க போங்க" என்றேன்.

அவர் போனார். என்னை நம்பிப் போனார்.

கடப்பாறை பட்டதும் அந்தப் பதினொன்றாவது வெடி வெடித்தது, அவர் விரல் மூன்றும் போயின. மிச்சம் உனக்குத் தெரியும். தெரியாத இரண்டு சொல்கிறேன். ஒன்று, அவரைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வேனில் மேஸ்திரி கேட்டார், "எவன்யா உன்னைய உள்ள போகச் சொன்னது?" உன் அப்பா கண்ணைத் திறக்காமல் சொன்னார், "யாரும் சொல்லல. நானாத்தேன் போனேன்." நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்துவிட்டேன். இரண்டாவது, உன் பெரியம்மா. அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்னை அந்தத் தெருவில் யாரும் நிற்க விட்டிருக்க மாட்டார்கள். பேசவில்லை. ஆஸ்பத்திரிக்கு மூன்று வேளையும் சோறு கொண்டு வந்தாள். உன்னைக் குளிப்பாட்டினாள், தூங்க வைத்தாள். நான் வீடு திரும்பியபோது நீ அவளை அம்மா என்று ஒரு தடவை வாய் தவறிக் கூப்பிட்டாய். நான் செய்த தப்பை வெளியே சொல்லாததற்கு நன்றியோடு அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. இன்னும் அதிகமாகப் பொறாமைப்பட்டேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். நல்லவளாகவே இருந்து இருந்து என்னைத் தலை நிமிர விடாமல் ஆக்கிவிட்டாள்.

உன் அப்பா அதற்குப் பிறகு கிடங்குக்குப் போகவில்லை. திராட்சைத் தோட்டத்தில் காவலுக்குச் சேர்ந்தார். ஒரு நாள் நான் கஞ்சி கொண்டு போனேன். பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து ஒற்றைக் கையால் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வாய் விட்டுச் சொன்னேன், "அன்னைக்கு எனக்குக் கணக்குத் தெரியலங்க. தெரியாமயே சரின்னு சொல்லிட்டேன்." அவர் மெல்வதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார். "எப்பயிருந்து?" என்றேன். "நீ சொல்லும்போதே. உன் மொகந்தேன் சொல்லுச்சே. அத்தன பேரு முன்னால உன்னைய விட்டுக்குடுக்க மனசு வரல. கணக்குச் சொன்னவ நீ, கால எடுத்து வச்சவன் நான். ரெண்டு பேரும் சேந்து செஞ்சது. விடு." நான் அழுதேன். "பய பெரியவனாகிக் கேட்டா என்ன சொல்றது?" என்றேன். அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். "அப்பனுக்கு அவசரம்னு சொல்லிக்கிருவோம். அது நல்ல பாடந்தானே, பயலுக்கு ஆகும்" என்றார். அவர்தான் உனக்கு அப்படிச் சொல்லிச் சொல்லி வளர்த்தார். நீ அதைக் கேட்டுத்தான் இந்தப் படிப்புக்கே போனாய் என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு உனக்குச் சோறு போட்டேன்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தவரைக்கும் அது அவர் எனக்குப் போட்ட போர்வை என்று இருந்துவிட்டேன். இப்போது அவர் இல்லை, பொய் மட்டும் நிற்கிறது, அதுவும் திரையில் சுவர் அளவுக்கு நிற்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பயம். நீ கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பாய் என்ற பயம் கொஞ்சம்தான். எழுந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாய் என்ற பயம்தான் பெரிது. நாலு வயதில் என்னைத் தாண்டி ஓடின மாதிரி, இந்த வயதிலும் என்னைத் தாண்டி அவளிடம் போய் உட்கார்ந்துகொள்வாய். அப்புறம் ஊருக்கு வந்தால் பையை அவள் வீட்டில் வைப்பாய். ஏற்கெனவே அவளுக்குத்தான் முதலில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுக்கிறாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ போக வேண்டும் என்றால் போ. ஆனால் வியாழக்கிழமைக்கு முன்னால் கதையைத் திருத்து. உன் வகுப்பைப் பற்றி எனக்குச் சொல்ல வேறு இரண்டும் இருக்கிறது, வாத்தியாருக்கே பாடமா என்று சிரிக்காதே. அந்த வீடியோவில் நாற்காலியில் இருந்தது முழுக்க ஆண்கள். கதவோரம் இரண்டு பெண்கள் டீ தட்டோடு நின்றார்கள். அவர்களும் அந்தக் குவாரியில் கூட்டுகிறவர்கள், கல் பொறுக்குகிறவர்கள்தானே? டீயை ஆண்கள் யாராவது கொடுக்கட்டும். அவர்களை முன்வரிசையில் உட்கார வை. எங்கள் கிடங்கில் உயிர்க் கணக்கு ஒரு பொம்பளை மடியில்தான் இருந்தது. இன்னொன்று, தொப்பியை எப்படிப் போடுவது, மாஸ்க்கை எப்படிக் கட்டுவது என்று போட்டுக் காட்டிப் பழக்குகிறாய். நல்லது. அதே மாதிரி "எனக்குத் தெரியல, கணக்கு விட்டுப்போச்சு" என்று ஒவ்வொருவரையும் எழுந்து நின்று ஒரு தடவை வாய் விட்டுச் சொல்லச் சொல். அத்தனை பேருக்கு முன்னால் சத்தமாகச் சொல்லிப் பழகட்டும். சிரிக்கிறவனை வெளியே அனுப்பு. அன்றைக்கு எனக்கு வராமல் போனது அந்த ஒரு வாக்கியம்தான். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் எந்த டீச்சரும் எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. தெரியாது என்றால் பிரம்படிதான் கிடைத்தது.

நேற்று மொச்சை முறத்தைக் கொடுக்க உன் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். "அவனுக்கு எழுதப் போறேன்கா. எல்லாத்தையும்" என்றேன். "எழுது. தப்புத் தப்பா எழுதி என்னைய வில்லியாக்கிப்புடாத" என்றாள். "அன்னைக்கே ஏன்கா என்னைய ஒரு வார்த்த கேக்கல?" என்றேன். அவள் முறத்தை வாங்கிச் சுவரில் சாய்த்தாள். "கேட்டுட்டு? எனக்கும் உறுதியாத் தெரியாதேடி. தெரிஞ்சிருந்தா அவர் காலப் பிடிச்சு நிறுத்தியிருப்பேன்ல. காதப் பொத்தின கைய ஒண்ண எடுத்திருந்தா எண்ணியிருப்பேன். அத நான் யாருகிட்டச் சொல்ல?" என்றாள். நான் அவளை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.  அப்புறம் அவள் சுக்குக் காப்பி போட்டாள். நன்றாகத்தான் இருந்தது, அவளிடம் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை வியாழக்கிழமை எல்லாருக்கும் வாசி. எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசி, மற்றதைத் திருத்தாதே. படத்தையும் மாற்ற வேண்டும். உன் அப்பாவின் கையை எடுத்துவிடு. அவர் முகத்தைப் போடு. உன் தங்கச்சி கல்யாணத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து யாரையோ பார்த்துச் சிரிக்கிறாரே, அந்தப் படம். அந்தக் கை இருந்த இடத்தில் என்னைப் போடு. "இது எங்க அம்மா. தெரியாம இருந்தப்ப சரின்னு சொன்னவுக" என்று சொல். என்னிடம் நல்ல படம் ஒன்றும் இல்லை. ஆதார் கார்டில் இருப்பதைப் போட்டுவிடாதே, அதில் திருடி மாதிரி இருக்கிறேன். புதன்கிழமை நீ வந்ததும் புதுசாக ஒன்று எடு. மடியில் பதினொரு பொடிக்கல்லைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன், வாசலில் கிடப்பதைப் பொறுக்கிக் கழுவி வைத்துவிட்டேன். உன் பெரியம்மாவின் படமும் இருக்கட்டும், அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை என்னை வெட்டாதே, அவளைவிட ஒரு சாண் பெரிதாகவே போடு.

அம்மா